வாலில் ஒரு நீல உருண்டை

பயண முகவர்களின் மேசையில் ஒரு காலத்தில் நின்ற பான் ஆம் விமான நிறுவனத்தின் போயிங் 707 மாதிரியை ஒருவர் சீர்செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். 1958 அக்டோபரில் நியூயார்க்கிலிருந்து பாரிசுக்குப் பறந்த அதே ரகம். ஒடிந்த எஞ்சினுக்கு, நல்ல எஞ்சினில் சிலிக்கோன் அச்செடுத்து ரெசின் ஊற்றினால் ஜோடி கிடைத்துவிடும்.

கை நடுங்குவது டெக்கால் என்னும் ஒட்டுப்படத்தில்தான். வெதுவெதுப்பான நீரில் ஊறியதும் காகிதத்தை விட்டு வழுக்கும். ஈர வாலின் மேல் பான் ஆம் சின்னமான நீல உருண்டையை நகர்த்தி நகர்த்தி நிறுத்த வேண்டும். அடியில் துளி காற்று தங்கினாலும் காய்ந்தபின் வெள்ளியாக மினுங்கிக் காட்டிக்கொடுக்கும். மெல்லிய தூரிகையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நீரை ஒற்றி ஒற்றித் தள்ளுகிறார். என்ன பொறுமை! மஞ்சள் பூத்த பழைய டெக்கால் தாளையும் வீசுவதில்லை. ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி வெயில் காட்டினால் வெளுக்கிறது.

முழுக்கப் புதுப் பெயின்ட் அடிப்பது எனக்குச் சம்மதமில்லை. இறக்கை நுனியில் விரல்கள் தேய்த்த இடம் அப்படியே இருக்கட்டும்.