மூன்றாம் நாடா

ஜூன் 24, திருமுழுக்கு யோவானின் பிறப்பைத் திருச்சபை கொண்டாடும் நாள். இசைக்கும் இவ்விழாவுக்கும் உள்ள உறவு பழையது. 11ஆம் நூற்றாண்டில் குய்தோ என்னும் இத்தாலியத் துறவி, இவ்விழாவுக்குரிய இலத்தீன் பாடலின் முதலசைகளைக் கொண்டே மேலை இசையின் சுரங்களுக்குப் பெயரிட்டார். மகனுக்கு யோவான் எனப் பெயரிட்டபோது சக்கரியாவின் கட்டுண்ட நா அவிழ்ந்தது என்கிறது லூக்கா நற்செய்தி. அவ்விழாப் பாடல் சுரங்களுக்கும் பெயர் தந்தது பொருத்தமே.

தமிழ்த் திரையிசைக்கும் இது சிறப்பு நாள். 1927இல் சிறுகூடல்பட்டியில் கண்ணதாசனும், 1928இல் பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளியில் எம். எஸ். விசுவநாதனும் பிறந்தது இதே தேதியில்தான். இருவரையும் சேர்த்துப் போற்றுவோர், சொல்லையும் இசையையும் காலமே இணைத்து வைத்ததாக வியக்கின்றனர். அவ்வியப்பில் நமக்கு ஓர் ஐயம் உண்டு.

காஞ்சிபுரத்தில், பிள்ளையார்பாளையத்துத் தறியருகே நின்று பார்த்தவர்க்கு நம் ஐயம் விளங்கும். கோர்வைப் பட்டில் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறொரு நிறம். உடலுக்கு ஒன்று, இரு கரைகளுக்கு இரண்டு என மூன்று நாடாக்கள் ஓடுகின்றன. நெய்பவரோடு இன்னோர் ஆளும் அமர்ந்து மறுபக்கக் கரையின் நாடாவைச் செலுத்துகிறார். இழைக்கு இழை இரு நிறங்களும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ள வேண்டும். ஒரே நாளில் சாயம் தோய்த்த நூல்கள் என்பதால் மட்டும் உடலோடு கரை சேர்ந்துவிடாது.

பாட்டும் அப்படித்தான். 1961இல் வெளிவந்த 'பாவ மன்னிப்பு' படத்தில் பி. சுசீலா பாடும் காதற்பாடல் ஒன்றைக் கேளுங்கள். 'தான்' என்னும் ஓரசை அதில் திரும்பத் திரும்ப வருகிறது. தாளில் படித்தால் அது வெறும் இயைபு. மெட்டோடு இணைந்து அவர் குரலில் வரும்போது, அதே அசை ஒரு பெண்ணின் நாணமாகிவிடுகிறது. எங்கே சொல் முடிந்தது, எங்கே இசை தொடங்கியது என்று பிரித்துக் காட்ட நம்மால் இயலவில்லை. நல்ல கோர்வையின் இலக்கணம் அதுவே.

ஆனால் அந்த இசை விசுவநாதன் ஒருவருடையதன்று. வயலின் கலைஞர் டி. கே. ராமமூர்த்தியும் அவரும் இணைந்து அமைத்தது. 1952இல் 'பணம்' முதல் 1965இல் 'ஆயிரத்தில் ஒருவன்' வரை இருவர் பெயரும் சேர்ந்தே வந்தன. ராமமூர்த்தி பிறந்தது 1922 மே 15. தேதிப் பொருத்தம் இல்லாத ஒரே காரணத்தால், ஜூன் 24இன் புகழுரைகளில் அவர் பெயர் நழுவிப்போகிறது. பட்டுப் புடவையைப் பாராட்டும் நாம் கடையின் பெயரைக் கேட்கிறோம். தறியின் மறுபக்கம் அமர்ந்திருந்தவர் யாரென்று கேட்பதில்லை.

நாட்காட்டி தரும் வியப்பு இனியதே. எனினும் அது உழைப்பின் கணக்கை மறைத்துவிடலாகாது. தமக்குப் பின் வருபவர் வளர, தாம் சிறுகுவதையே மகிழ்ச்சியாகக் கொண்டவர் யோவான். மறக்கப்பட்ட மூன்றாம் பெயரையும் சேர்த்துச் சொல்ல, அவருடைய விழாவை விடத் தகுந்த நாள் வேறு எது?