புலம்பக் கற்பிப்பவர் யார்?

அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் பாணியில் உருக்கமாகப் பாடப் பயில வேண்டும் என்னும் ஆர்வம் நம் இளைஞர் பாடற்குழுக்களிடையே தோன்றியுள்ளது. பழைய மாமல்லபுரம் சாலையில் விரைந்து வளர்ந்துவரும் கேளம்பாக்கம் போன்ற ஊர்களின் சபைகளும் இவ்வார்வத்தைச் சந்திக்கவே செய்யும். இது வரவேற்கத்தக்கதே. எனினும், இவர்கள் கற்பது எதனை என்று ஆராய்வது நம் கடமை.

புளூஸின் இலக்கணம் எளிது. ஓர் அடியைப் பாடி, அதனையே மீண்டும் பாடி, மூன்றாம் அடியில் அதற்கு மறுமொழி கூறுவது அதன் பரவலான வடிவம். காந்தாரமும் நிஷாதமும் தத்தம் நிலையில் நில்லாது சற்றே தாழ்ந்து வளையும். கமகம் பழகிய தமிழ்க் குரலுக்கு இது அரிதன்று. ஆனால் அவ்வளைவைக் குரலுக்குப் பூட்டும் அணிகலனாகக் கருதுவோர் புளூஸைக் கற்றவராகார்.

1865-இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்த பின்னும் குத்தகைக் கடனிலும் கும்பல் கொலைகளின் அச்சத்திலும் வாழ்ந்த மக்களின் குரல் அது. ஜேம்ஸ் கோன் 1972-இல் வெளியிட்ட நூலில் புளூஸை உலகியல் சார்ந்த ஆவிக்குரிய பாடல் என்றே மதிப்பிட்டார். புளூஸ் பியானோக் கலைஞரான தாமஸ் டார்சி 1932-இல் மனைவியையும் பிறந்த குழந்தையையும் ஒருங்கே இழந்தார். அவருடைய புகழ்பெற்ற மன்றாட்டுப் பாடல் அத்துயரில் பிறந்தது. அவரது இசையைத் தொடக்கத்தில் ஆலயத்திற்கு ஒவ்வாதது எனத் தள்ளிய சபைகளும் உண்டு.

நம்மிடமும் அத்தகைய தள்ளுதல் இல்லையா? கோவளம் முதல் மாமல்லபுரம் வரையுள்ள மீனவர் குப்பங்கள் 2004 டிசம்பர் 26-இன் ஆழிப்பேரலையை அறிந்தவை. தமிழகத்தின் சிற்றூர்களிலும் குப்பங்களிலும் ஒப்பாரி பாடும் பெண்கள் தோளோடு தோள் சேர்த்து அமர்கின்றனர். ஒருத்தி அடியெடுக்க, மற்றவர் விம்மலோடு ஏற்கின்றனர். இறந்தவரின் வாழ்வும் இருப்போரின் நன்றிகேடும் பாட்டில் வெளிவருகின்றன. கடவுளும் கேள்விக்குத் தப்புவதில்லை. நாமோ, உயிர்த்தெழுதலின் நம்பிக்கையைச் சொல்லி அவர்கள் வாயை அடைக்கிறோம்; பின்னர் தொலைதூரத்து ஒலிப்பதிவிலிருந்து உருக்கத்தை இரவல் கேட்கிறோம்.

நம்பிக்கை அழுகையை விலக்குமெனில், லாசருவை எழுப்பப்போகும் ஆண்டவர் கண்ணீர் விட்டதேன்? 88-ஆம் சங்கீதம் இருளிலேயே முடிவதேன்? எரேமியா 9:17-20-இல் புலம்பற் பெண்கள் அழைக்கப்படுகின்றனர். அவர்கள் தம் குமாரத்திகளுக்குப் புலம்பலைக் கற்பிக்கவும் பணிக்கப்படுகின்றனர். அங்கே ஆசிரியர் ஆசாரியரல்லர், அப்பெண்களே.

மதுரை இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியாபிலஸ் அப்பாவு (1940-2005), பரட்டை என்னும் பெயரில் நாட்டுப்புற இசையை வழிபாட்டிற்குள் கொணர்ந்தார். பாடுவோர் பாடலைத் தம் வாழ்வுக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம் என்பது அவர் கொள்கை. அச்சிட்டதை அச்சிட்டபடியே பாடும் குழு அவரது பாடலைப் பாடினாலும் அக்கொள்கையைக் கைவிட்டதாகும்.

இதிலும் ஓர் இடர் உண்டு. ஒப்பாரியை விழா மேடைக்குரிய நிகழ்ச்சியாக்கி, பாடிய பெண்களை வாசலிலேயே நிறுத்திவிடல் எளிது. அவர்களை ஆசிரியராக அமர்த்தி, அவர்கள் குற்றம் சாட்டுவதைக் கேட்க ஆயத்தமாகும் சபையே புளூஸையும் பாடத் தகுதி பெறும். போதகர் முதலில் பயில வேண்டியது பாடுதலையன்று, செவிகொடுத்தலையே.