பெயரற்ற பள்ளத்தாக்கு
வேல்ஸ் நாட்டு மலைப்பெயர் ஆராய்ச்சி – ஒரு நோக்கு

ஊர்ப்பெயர் ஆராய்ச்சி வளர்ந்துள்ள அளவிற்கு மலைப்பெயர் ஆராய்ச்சி எந்த நாட்டிலும் வளரவில்லை. இதற்குக் காரணம் உண்டு. ஊருக்கு வரி உண்டு, பத்திரம் உண்டு, வழிபாட்டிடம் உண்டு. ஆதலின் அதன் பெயர் ஏதேனும் ஓர் ஏட்டில் பதிந்துவிடுகிறது. மலையுச்சிக்கோ இவற்றுள் ஒன்றும் இல்லை. அங்கு ஆடு மேய்க்கும் குடும்பத்தாரின் நாவிலேயே அதன் பெயர் வாழ்கிறது. அவர்கள் பேச்சு மாறினால் பெயரும் மறைகிறது.

பிரிட்டனின் மேற்கிலுள்ள வேல்ஸ் நாடு இவ்வுண்மையை நன்கு விளக்கும். அந்நாட்டில் 1901ஆம் ஆண்டில் ஏறத்தாழப் பாதிப்பேர் வெல்ஷ் மொழி பேசினர். 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அவ்வளவு 17.8 விழுக்காடாகக் குறைந்திருந்தது. மலைப்பெயர்களை இன்று தேடித் தொகுப்போர் பணி எத்துணை அவசரமானது என்பதை இக்கணக்கே காட்டும். எனினும், அவசரம் வேறு, பதற்றம் வேறு. அப்பணியில் நேரும் சில பிழைகளை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வரைபடமே முடிவன்று

வடவேல்சில் எரரி என்னும் மலைநாட்டில், கிளடர் வவுர் என்ற மலையின் சரிவில், உயர்ந்த பள்ளத்தாக்கு ஒன்று உண்டு. பாறையேறும் ஆங்கிலேயர் அதனைப் ‘பெயரற்ற பள்ளத்தாக்கு’ என்றே வழங்கினர். தங்கள் வரைபடத்தில் பெயர் காணாமையே காரணம். உண்மையில் அதற்கு கூம் க்னைவியொன் என்ற அழகிய பெயர் உண்டு. கத்தரித்த ஆட்டுமயிர்ப் பள்ளத்தாக்கு என்பது அதன் பொருள். ஆடும் மேய்ப்பரும் கத்தரியும் நிறைந்த வாழ்வு ஒன்றை உள்ளடக்கிய பெயர் அது. அதனைப் பெயரற்றது என்றவர் பொய் சொல்லவில்லை. கேட்க வேண்டியவரைக் கேட்கவில்லை.

பிரிட்டனின் நில அளவைத் துறை 1791ஆம் ஆண்டில் தோன்றியது. அதன் வரைபடங்கள் அரும்பணி என்பதில் ஐயமில்லை. ஆயினும் அளவையாளர் பலருக்கு வெல்ஷ் மொழி தெரியாது. தாளிலும் எல்லாப் பெயர்களுக்கும் இடம் இராது. ஆகவே வரைபடத்தில் இருப்பது சான்று; இல்லாதது இன்மைக்குச் சான்று ஆகாது. இவ்வேறுபாட்டை மறந்து, உயரத்தை மட்டும் அளந்து மலைப் பட்டியல் செய்வோர், பெயர் காணாத உச்சிக்கு அருகிலுள்ள சரிவின் பெயரையோ ஏரியின் பெயரையோ சூட்டிவிடுகின்றனர். சில ஆண்டுகளில் அப்பெயரே நூலுக்கு நூல் பெயர்த்தெழுதப்பட்டு, பழம்பெயர் போல் நடமாடத் தொடங்குகிறது.

மொழியறிவு இன்றியமையாதது

வெல்ஷ் மொழியில் சொல்லின் முதலெழுத்து இடம் நோக்கித் திரியும். மண் என்பதும் குடம் என்பதும் சேர்ந்து மட்குடம் ஆவதை நாம் அறிவோம். நம் புணர்ச்சியில் நிலைமொழி ஈறு திரிவதே பெரும்பான்மை. அவர் மொழியிலோ வருமொழி முதல் திரிகிறது. மரமற்ற மொட்டை மலையைக் குறிக்கும் மொயில் என்ற சொல், சுட்டுச்சொல்லை அடுத்து வரின் வொயில் ஆகும். சுட்டுச்சொல் பேச்சில் கெட்டுப்போன பின்னரும் அத்திரிபு நிற்கும். இதனை அறியாதவர் அகரவரிசையில் ஒரே சொல்லை ஈரிடத்தில் வைத்து இருவேறு சொல்லெனக் கொள்வர்.

பென் என்றால் தலை. கெவன் என்றால் முதுகு. மலையை உடம்பாகக் கண்ட மக்கள் இட்ட பெயர்கள் இவை. எந்த ஊரிலிருந்து நோக்கினால் அம்மலை முதுகாகத் தோன்றும் என்று நின்று பார்ப்பதும் ஆராய்ச்சியின் ஒரு பகுதியே. ஒரு மலைக்கு இப்பாலிருப்போர் ஒரு பெயரும் அப்பாலிருப்போர் வேறு பெயரும் சொல்லக்கூடும். இரண்டையும் எழுதிக்கொள்வதே முறை.

இனிய பொருளெல்லாம் மெய்ப்பொருள் ஆகா

எரரி என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். எரிர் என்பது அம்மொழியில் கழுகைக் குறிக்கும். ஆகவே எரரி ‘கழுகுகளின் நாடு’ எனப் பலரும் சொல்லி மகிழ்ந்தனர். பேராசிரியர் சர் இவோர் வில்லியம்ஸ் பழைய வழக்குகளை ஆராய்ந்து, உயர்நிலம் என்பதே அதன் பொருள் எனக் காட்டினார். கழுகு பறந்துபோயிற்று, ஆனால் பெயர் தன் உண்மைப் பொருளைப் பெற்றது. முதலில் பழைய வடிவம், அதன்பின்னரே பொருள் என்பது அவர்தம் ஆராய்ச்சி தரும் பாடம்.

மீட்பதும் படைப்பதும்

ஆங்கிலத்தில் ஸ்னோடன் எனப்படும் 1,085 மீட்டர் உயர மலைக்கு வெல்ஷ் மொழியில் அர் வித்வா என்று பெயர். புதைமேடு என்பது பொருள். அரசர்களின் தாடிகளால் மேலாடை நெய்த அரக்கனை ஆர்தர் மன்னன் கொன்று அங்குப் புதைத்தான் என்பது கதை. 2022ஆம் ஆண்டு நவம்பரில் அத்தேசியப் பூங்கா ஆணையம் இனி அர் வித்வா, எரரி என்ற பெயர்களையே வழங்குவதென முடிவு செய்தது. இதனைப் புதுப்பெயர் சூட்டல் எனச் சிலர் குறை கூறினர். அக்குறை பொருந்தாது. வாழும் பெயரை முன்னிறுத்துவது பெயர் மாற்றம் ஆகாது. ஸ்னோடன் என்பதும் பொய்ப்பெயர் அன்று. 1095ஆம் ஆண்டுக் குறிப்பிலேயே வரும் பழைய ஆங்கிலப் பெயர், ‘பனிக்குன்று’ என்பது அதன் பொருள். வரலாறு எழுதுவோன் இரண்டையும் காக்க வேண்டும்.

கார்னெத் இகவ் என்ற 926 மீட்டர் உயர மலையின் செய்தி வேறு. அதற்கு 2009ஆம் ஆண்டில் கார்னெத் குவென்லியன் என்ற புதுப்பெயர் ஏற்பட்டது. வேல்சின் கடைசி இளவரசர் லிவெலினின் மகள் குவென்லியன். 1282இல் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு, கன்னிமாடத்தில் வாழ்ந்து 1337இல் மறைந்தவர். அவருக்கு அவர் நாட்டு மலையில் நினைவு வேண்டும் என்ற விருப்பத்தை யார் பழிப்பர்? ஆயினும் அது நினைவுச் சின்னம். ஆராய்ச்சி முடிவு அன்று. இகவ் என்றால் ‘மிக உயர்ந்தது’. அருகிலுள்ள கார்னெத் லிவெலின் 1,064 மீட்டராக இருக்க, இதனை உயர்ந்தது என்றவர் யார், எங்கு நின்று சொன்னார் என்பது ஆராயத்தக்க வினா. பழம்பெயர் மறைந்தால் அவ்வினாவும் மறையும்.

செய்யத்தக்கவை

சான்றுகள் இல்லாமற் போகவில்லை. 1836ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எழுந்த தசம வரி வரைபடங்களில் வயற்பெயர்கள் உள்ளன. மலையடி வயலின் பெயரில் மலைப்பெயர் ஒளிந்திருப்பதுண்டு. பேராசிரியர் மெல்வில் ரிச்சர்ட்ஸ் வாழ்நாளெல்லாம் தொகுத்த இடப்பெயர்ச் சீட்டுகள் பாங்கர் பல்கலைக்கழகத்தில் உள்ளன. 2016ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றினால் வரலாற்று இடப்பெயர்ப் பட்டியலும் ஏற்பட்டுள்ளது. ஆனால் ஏடு ஒரு கண். மேய்ப்பர் வாய்மொழி மற்றொரு கண். கேட்ட பெயரோடு, சொன்னவர் எவ்விடத்தார், எந்நாளில் சொன்னார், எவ்வாறு ஒலித்தார் என்பவற்றையும் குறித்தல் வேண்டும். அங்ஙனம் குறியாத பெயர் நாளை ஆராய்வார்க்குப் பயன்படாது. ஏடு பத்தாண்டு கழித்தும் அங்கேயே இருக்கும், முதியவர் இருப்பாரா?

தமிழாசிரியர்களுக்கு ஒன்று சொல்லி முடிப்போம். மாணவன் ஓர் இடப்பெயருக்கு இனிய பொருள் கூறினால், பாராட்டுங்கள். உடனே அதன் பழைய வடிவம் யாது, யார் வாயிற் கேட்டாய் என்று வினவுங்கள். ஒரு பள்ளத்தாக்கைப் பெயரற்றதாக்கியது அவ்விரண்டாம் வினாவைக் கேளாமையே.