பாறைக்குள் ஒரு பொதுக் கலைக்கூடம்

ஸ்வீடனின் தலைநகரான ஸ்டாக்ஹோமில் 100 சுரங்க ரயில் நிலையங்கள். அவற்றில் 90-க்கும் மேற்பட்டவற்றில் ஓவியமோ சிற்பமோ மொசைக்கோ உண்டு. கலைக்கூடத்துக்குப் போக நேரமும் வசதியும் வாய்க்காதவர்கள் தினமும் நடக்கும் வழியிலேயே கலையை வைப்பது என்று 1950-களில் எடுத்த முடிவின் விளைவு இது. போற்றத்தக்க முடிவு; ஆனால் குறைகளற்றதல்ல.

முதலில் அதன் பலம். டி-சென்ட்ரலென் நிலையத்தின் நீல வழித்தடப் பிளாட்பாரத்தில், குடைந்த பாறையின்மேல் கான்கிரீட்டைத் தெளித்துக் குகை வடிவத்தை அப்படியே விட்டிருக்கிறார்கள். பேர் ஒலோஃப் உல்ட்வெட் 1975-இல் அதில் நீலக் கொடிகளைப் படரவிட்டார். அந்த நிலையத்தைக் கட்டிய தொழிலாளர்களையும் நிழலுருவங்களாகத் தீட்டினார். திறப்பு விழாக் கல்வெட்டுகளில் ஒருபோதும் இடம்பெறாதவர்கள் இங்கே கூரையில் இருக்கிறார்கள். ஓஸ்டெர்மால்ம்ஸ்டோரி நிலையத்தில் சிரி டெர்கெர்ட் கான்கிரீட் சுவரையே மணல்வீச்சால் செதுக்கி, பெண்ணுரிமையையும் சமாதானத்தையும் வரைந்தார். 1965-இல் திறந்த அந்த நிலையம், போர்க்காலப் பதுங்கிடமாகவும் அமைக்கப்பட்டது. பதுங்கிடத்தின் சுவரில் சமாதானம்! இந்தப் பொருளை எந்த அருங்காட்சியகமும் அந்தப் படைப்புக்குத் தர முடியாது.

குறைகளும் இதே இடத்திலிருந்துதான் பிறக்கின்றன. சோல்னா சென்ட்ரம் நிலையத்தில் செவ்வானத்தின் கீழ் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு ஊசியிலைக் காடு விரிகிறது. காடழிவையும் கிராமங்கள் காலியாவதையும் பேசும் ஓவியம் அது. ரயிலுக்கு விரைபவர் கண்ணில் சிவப்பு மட்டுமே படுகிறது. அதன் கோபம் எட்டுவதில்லை.

அடுத்தது, மறுக்க முடியாமை. 2017-இல் ஸ்லுசென் நிலையத்தில் லிவ் ஸ்ட்ரோம்க்விஸ்ட் வரைந்த, மாதவிடாய்க் கறையோடு சறுக்கும் பெண்ணின் படம் பெரும் எதிர்ப்பைக் கிளப்பியது. அன்றாடப் பாதையில் இருப்பதைப் பார்க்காமல் தவிர்ப்பது கடினம் என்பது நியாயமான வாதமே. ஆனால் எல்லோருக்கும் உவப்பானதை மட்டும் வைத்தால் மிஞ்சுவது அலங்காரம்தான். நிரந்தரப் படைப்புகளுக்கு நடுவே, அதைப் போன்ற தற்காலிகக் காட்சிகளுக்கும் சுவர் ஒதுக்குவதே நல்ல வழி.

மூன்றாவது, கட்டடத்தோடு பிணைந்த விதி. லண்டனின் டோட்டன்ஹாம் கோர்ட் ரோடு நிலையத்தை விரிவாக்கியபோது, எஸ்கலேட்டர்களுக்கு மேலிருந்த எடுவார்டோ பவுலோட்ஸியின் மொசைக் வளைவுகளை 2015-இல் பெயர்த்தார்கள். மற்ற பகுதிகளில் பெரும்பாலானவை தப்பினாலும், அந்த வளைவுகள் துண்டுகளாயின.

ஆகவே, சுவருக்கு வண்ணம் பூசும் கட்டத்தில் ஓவியரைக் கூப்பிட்டால் போதாது. வரைபடம் போடும்போதே அவர் பொறியாளரோடு உட்கார வேண்டும். பயணிகள் காத்திருக்கும் இடத்தில் படைப்பைப் பற்றி நான்கு வரி வேண்டும். பராமரிப்புக்கு நிதியும், இடிப்பதற்கு எதிரான சட்டக் காப்பும் வேண்டும். இவற்றை ஏற்காத நிர்வாகம், கலையை மக்களிடம் கொண்டுவந்ததாகப் பெருமை பேச உரிமையற்றது.