பலகாரம் கொண்டுவருபவர்

ஒடிசாவின் புவனேசுவரத்திலும் அமெரிக்காவின் சிகாகோவிலும் சிலரிடம், தெரிந்த ஒருவரைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். சிகாகோவில் பெரும்பாலும் குணத்தைச் சொன்னார்கள்: நட்பானவர், தன்னலக்காரர். புவனேசுவரத்தில் நடந்ததைச் சொன்னார்கள்: பண்டிகை நாளில் எங்கள் வீட்டுக்குப் பலகாரம் கொண்டுவருவார். ரிச்சர்ட் ஷ்வேடரும் எட்மண்ட் போர்னும் செய்த இந்த ஆய்வு 1980களில் பெரிதும் பேசப்பட்டது. புவனேசுவரத்தார் கல்விக் குறைவால் அப்படிப் பேசுகிறார்கள் என்ற விளக்கத்தை ஆய்வாளர்கள் ஏற்கவில்லை. ஒருவரை அவருடைய உறவுகளிலிருந்தும் இடத்திலிருந்தும் பிரிக்காமல் பார்க்கும் தத்துவம் அந்தப் பேச்சுக்குள்ளேயே இருக்கிறது என்றார்கள். மனத்தைப் பண்பாட்டோடு சேர்த்து ஆராயும் பண்பாட்டு உளவியலுக்குள் நுழைய இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை.

இப்படி ஒரு துறை ஏன் தேவைப்பட்டது? 1879இல் ஜெர்மனியின் லைப்சிக்கில் உளவியல் ஆய்வுக்கூடம் அமைத்த வில்ஹெல்ம் வுண்ட், மொழியையும் தொன்மத்தையும் வழக்கத்தையும் அங்கே அளக்க முடியாது என்று அறிந்திருந்தார். தம் கடைசி இருபது ஆண்டுகளில் அவற்றைப் பற்றி 10 தொகுதிகள் எழுதினார். பின்னால் வந்தவர்கள் ஆய்வுக்கூடத்தை வைத்துக்கொண்டு தொகுதிகளை ஒதுக்கிவிட்டார்கள். 2008இல் உளவியலாளர் ஜெஃப்ரி ஆர்னெட், அமெரிக்க உளவியல் கழகத்தின் ஆறு முதன்மை இதழ்களை எடுத்து எண்ணிப் பார்த்தார். அவற்றில் ஆராயப்பட்டவர்களில் 96 விழுக்காட்டினர் மேலைத் தொழில்வள நாடுகளைச் சேர்ந்தவர்கள். அந்த நாட்டவரின் மனத்தை வைத்தே மனித மனத்துக்கு இலக்கணம் எழுதியிருக்கிறார்கள்.

என்னை மிகவும் உலுக்கியது மானிடவியலாளர் கணநாத் ஒபயசேகர 1985இல் மனச்சோர்வைப் பற்றி எழுதிய கட்டுரை. எதிலும் நிறைவில்லை, வாழ்வே துன்பம் என்று ஒருவர் சொன்னால் லண்டன் ஆய்வாளர் அதை நோயின் அறிகுறியாகக் குறித்துக்கொள்வார். இலங்கையில் அதையே சொல்பவர் நல்ல பௌத்தராக இருக்கலாம் என்கிறார் ஒபயசேகர. வலி இரண்டு இடத்திலும் உண்டு. ஆனால் அந்த வலியைத் தியானமாகவும் சடங்காகவும் மாற்றிப் பொருள் கொடுக்கப் பண்பாடு உழைக்கிறது. அந்த உழைப்பைக் கணக்கில் எடுக்காமல் அறிகுறிகளை மட்டும் எண்ணினால் போதாது என்பதே அவருடைய வாதம். உளவியலின் கேள்வி தத்துவத்தின் கேள்வியாக மாறுவது இங்கேதான்.

ஷ்வேடரும் போர்னும் காட்டிய வேறுபாட்டுக்கு மறுப்பும் உண்டு. கிழக்கில் ‘நாம்’, மேற்கில் ‘நான்’ என்று கோடு கிழிப்பது மிகை என்று 1993இல் மானிடவியலாளர் மெல்ஃபர்ட் ஸ்பைரோ எச்சரித்தார். ஒரு சமூகம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வதும் அங்கே ஒரு தனியாள் உள்ளுக்குள் உணர்வதும் ஒன்றல்ல என்றார். அவர் சொன்னது சரி. நம் கூட்டுக் குடும்பங்களில் ‘நான்’ எத்தனை பேருக்குத் தொண்டையிலேயே நின்றுபோனது என்பது அந்த வீடுகளில் வாழ்ந்த பெண்களுக்குத் தெரியும்.

தமிழர் வாழ்விலிருந்தே எழுந்த நூல்களும் உண்டு. ஒருவர் வாழும் ஊரின் மண்ணும் அவருடைய குணமும் ஒன்றோடொன்று கலக்கின்றன என்ற தமிழ் நம்பிக்கையை வாலண்டைன் டேனியல் 1984இல் வெளிவந்த தம் நூலில் ஆராய்ந்தார். மார்கரெட் ட்ராவிக் ஒரு தமிழ்க் குடும்பத்துடன் வாழ்ந்து, அன்பு என்ற சொல்லைப் பின்தொடர்ந்து எழுதிய நூல் 1990இல் வெளிவந்தது.

டேனியல் சொன்ன அந்த ‘ஊர்’ வெறும் கருத்தல்ல என்பதை யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரத்தின் எழுத்து காட்டுகிறது. இலங்கையின் உள்நாட்டுப் போர் தனியாட்களை மட்டும் காயப்படுத்தவில்லை, குடும்பத்தையும் ஊரையும் அவற்றைப் பிணைத்திருந்த நம்பிக்கையையும் உடைத்தது என்றார் அவர். தனியாளுக்கான மருந்துச் சீட்டு மட்டும் அங்கே போதாது; சடங்கும் கூடி அழுவதும் சிகிச்சையில் சேர வேண்டும்.

இங்கே சொன்னவற்றில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. உளவியலும் தத்துவமும் படிக்கும் தமிழ் மாணவர்கள் இவற்றைத் தேடிப் படித்து, தங்கள் ஆய்வைத் தமிழில் எழுத வேண்டும். மனம் கசந்தது, நெஞ்சு அடைக்கிறது, வயிறு எரிகிறது என்று பேசுபவரிடம் அவர் மொழியிலேயே கேள்வி கேளுங்கள்.