பழைய மேசைக்கணினிக்கு ஆறு கோர் புராசஸர்: ஏழாயிரம்பண்ணை அலுவலகங்களை முன்வைத்து ஒரு மதிப்பீடு

மேசைக்கணினியின் பெட்டியையும் தாய்ப்பலகையையும் அப்படியே வைத்துக்கொண்டு புராசஸரை மட்டும் மாற்றி, அதை மேலும் சில ஆண்டுகள் உழைக்க வைக்க முடியுமா என்ற கேள்விக்குப் பெரும்பாலான கணினிகளைப் பொறுத்தவரை முடியாது என்பதே விடையாக இருந்து வந்துள்ளது. அந்த விடைக்கு விலக்காக நிற்பவை ஏஎம்டி நிறுவனத்தின் ஏஎம்4 என்னும் சாக்கெட்டைக் கொண்ட கணினிகள். சாக்கெட் என்பது தாய்ப்பலகையில் புராசஸர் அமரும் இருக்கை. 2016இல் அறிமுகமாகி 2017இல் ரைசன் வரிசையோடு பரவலான இந்த இருக்கைக்கு, எட்டு ஆண்டுகள் கடந்து 2024இலும் அந்நிறுவனம் புதிய புராசஸர்களை வெளியிட்டது. இங்கே மதிப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்படுவது அவ்வாறு செய்யக்கூடிய மாற்றங்களுள் ஒன்று: 2018 பிப்ரவரியில் வந்த நான்கு கோர் ரைசன் 3 2200ஜி இருக்கும் கணினியில், 2021 ஆகஸ்டில் கடைகளுக்கு வந்த ஆறு கோர் ரைசன் 5 5600ஜியைப் பொருத்துதல். முன்னது 99 டாலருக்கும் பின்னது 259 டாலருக்கும் அறிமுகமாயின. ஆனால் பின்னதன் விலை இந்தியச் சந்தையில் அடுத்த சில ஆண்டுகளில் பத்தாயிரம் ரூபாயை ஒட்டி இறங்கியதால்தான், புதிய கணினி வாங்கத் தயங்கும் ஒரு சிறு அலுவலகம் இதைப் பற்றி எண்ணிப் பார்க்கவே இடம் உண்டாயிற்று.

சொற்களை முதலில் தெளிவுபடுத்துவது நல்லது. 'செயலி' என்ற சொல் இன்று கைப்பேசியில் நிறுவும் மென்பொருளுக்கும் வழங்குவதால், குழப்பம் நேராதிருக்கக் கடைவீதியில் புழங்கும் 'புராசஸர்' என்ற சொல்லே இங்கு ஆளப்படுகிறது. அதேபோல் 'சிபியு' என்று பேச்சில் முழுப் பெட்டியையும் சுட்டுவது வழக்கமாகிவிட்டதால் அச்சொல் தவிர்க்கப்படுகிறது. கோர் என்பது புராசஸருக்குள் தன்னளவில் கட்டளைகளை நிறைவேற்றும் ஆற்றல் கொண்ட ஒரு தனி அலகு. ஒரு கோர், நினைவகத்திலிருந்து தரவு வந்து சேரக் காத்திருக்கும் இடைவெளியில் வேறொரு வேலையின் கட்டளைகளையும் கவனித்துக்கொள்ளுமாறு அமைக்கப்பட்டால், அது இயங்குதளத்தின் கண்ணுக்கு இரண்டாகத் தெரியும். அவ்வாறு தெரியும் ஒவ்வொன்றையும் இழை என்பர். 2200ஜியில் நான்கு கோர்களுக்கு நான்கு இழைகளே உண்டு. 5600ஜியில் ஆறு கோர்களுக்குப் பன்னிரண்டு இழைகள் உண்டு.

சாத்தூர், சிவகாசி, கோவில்பட்டி ஆகிய ஊர்களைச் சுற்றுப்புறமாகக் கொண்ட ஏழாயிரம்பண்ணை வட்டாரத்தில் பட்டாசும் தீப்பெட்டியும் பிழைப்பின் அடித்தளமாக இருப்பதால், இங்குள்ள சிறு அலுவலகத்துக் கணினியின் வேலையும் அவற்றைச் சுற்றியே அமைகிறது. வெடிமருந்து கையாளும் அறைகளில் மின்சாதனங்களுக்கு இடமில்லை. கணினி இருப்பது ஊருக்குள் உள்ள அலுவலக அறையில்தான். அங்கே டேலியில் கணக்கு எழுதப்படுகிறது, ஜிஎஸ்டி படிவங்கள் நிரப்பப்படுகின்றன, லாரி புறப்படும்முன் இ-வே பில் எடுக்கப்படுகிறது. பல இடங்களில் பெட்டிகளுக்கான லேபிளும் கோரல்டிராவிலும் ஃபோட்டோஷாப்பிலும் அதே கணினியில் வரையப்பட்டு, சிவகாசி ஆஃப்செட் அச்சகங்களுக்கு அனுப்பப்படுகிறது. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பசுமைப் பட்டாசுகளை வலியுறுத்தித் தீர்ப்பளித்து, அடுத்த ஆண்டு அவற்றுக்கான முத்திரையும் கியூஆர் குறியீடும் நடைமுறைக்கு வந்த பிறகு, நீண்ட காலம் மாறாதிருந்த லேபிள்களைத் திரும்ப வரையும் வேலையும் இக்கணினிகளின் மேல் விழுந்தது. தீபாவளி நெருங்கும்போது விலைப்பட்டியலும் வாட்ஸ்அப்பில் அனுப்பும் விளம்பர வீடியோவும் இவற்றோடு சேர்ந்துகொள்கின்றன. எனவே ஒரு புராசஸரின் மதிப்பை விளையாட்டு மென்பொருளின் வேகத்தை வைத்து அளப்பதைவிட இந்த வேலைகளை வைத்து அளப்பதே இவ்வட்டாரத்து வாசகருக்குப் பயன்படும்.

கோர்களின் எண்ணிக்கை கூடினால் வேகம் அதே விகிதத்தில் கூடும் என்ற நம்பிக்கை பரவலாக இருப்பினும் அது சரியன்று. கணினி அறிஞர் ஜீன் ஆம்டால் 1967இல் எடுத்துக்காட்டிய கருத்து, தீப்பெட்டித் தொழில் அறிந்தவர்களுக்கு எளிதில் விளங்கக்கூடியது. சட்டத்தில் குச்சி அடுக்கும் வேலையைப் பத்துப் பேருக்குப் பகிர்ந்து கொடுத்தால் அது விரைவில் முடியும். ஆனால் மருந்தில் முக்கிய குச்சிகள் காய்வதற்கு எடுத்துக்கொள்ளும் நேரத்தை, அருகில் எத்தனை பேர் நின்றாலும் குறைக்க முடியாது. கணினியின் வேலையிலும் இவ்வாறு பகிரக்கூடிய பகுதியும் பகிர முடியாத பகுதியும் உண்டு. வீடியோவை முடித்துக் கோப்பாக எழுதும் வேலை முன்னதைச் சேர்ந்தது. அதில் பன்னிரண்டு இழைகளும் உழைக்கும். டேலியில் ஒரு பேரேட்டைத் திறப்பதும், கோரல்டிராவில் ஒரு வளைகோட்டை நகர்த்துவதும் பெரும்பாலும் ஒற்றைக் கோரையே நம்பியிருப்பவை.

இந்த இரண்டாம் வகை வேலைகளிலும் 5600ஜி பயன் தருவதே அதன் தனிச்சிறப்பு. 2200ஜி, ஏஎம்டியின் முதல் தலைமுறை ஜென் கட்டமைப்பில் 14 நானோமீட்டர் முறையில் ஆனது. 5600ஜி, மூன்றாம் தலைமுறை ஜென் கட்டமைப்பில் 7 நானோமீட்டர் முறையில் ஆனது. ஒரே கடிகார வேகத்தில் செய்யும் வேலையின் அளவு ஜென் 2இல் 15 விழுக்காடும், அதன்மேல் ஜென் 3இல் 19 விழுக்காடும் கூடியதாக நிறுவனமே கூறியுள்ளது. உச்சக் கடிகார வேகமும் 3.7 கிகாஹெர்ட்ஸிலிருந்து 4.4 கிகாஹெர்ட்ஸாக உயர்ந்துள்ளது. அடிக்கடி தேவைப்படும் தரவைப் புராசஸருக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் கேஷ் என்னும் சிறு நினைவகத்தின் மூன்றாம் அடுக்கு 4 எம்பியிலிருந்து 16 எம்பியாகியுள்ளது. புராசஸர்களை ஒப்பிடப் பரவலாகப் பயன்படும் சினிபெஞ்ச் ஆர்23 சோதனையில் எல்லாக் கோர்களும் சேர்ந்து உழைக்கும்போது ஏறத்தாழ மூன்று மடங்கும், ஒற்றைக் கோர் உழைக்கும்போது ஏறத்தாழ ஒன்றரை மடங்கும் முன்னேற்றம் காணப்படுவது இக்காரணங்களால்தான். மூன்று மடங்கு என்ற எண் கடைக்காரரின் வாயில் இனிமையாக ஒலிக்கும். ஆனால் கணக்கெழுதுபவரின் அன்றாடத்தைத் தொடுவது அந்த ஒன்றரை மடங்குதான் என்பதை வாங்குபவர் மனத்தில் இருத்த வேண்டும். அதே வேளையில், வைரஸ் தடுப்பு மென்பொருள் ஒருபுறம் கோப்புகளைத் துழாவ, பிரவுசரில் பத்துப் பக்கங்கள் திறந்திருக்க, நடுவே லேபிள் வரையப்படும் நெருக்கடியான நாளில், நான்கு இழைகள் திணறும் இடத்தில் பன்னிரண்டு இழைகள் திணறுவதில்லை என்பதும் உண்மையே.

வாங்கும்போது எழுத்தைக் கவனிக்காமல் எண்ணை மட்டும் பார்ப்பவர்கள் ஏமாறக்கூடிய இடம் ஒன்று உண்டு. 2022 ஏப்ரலில் வந்த ரைசன் 5 5500 என்பதும் ஆறு கோரும் பன்னிரண்டு இழையும் கொண்டது, விலையும் குறைவு. ஆனால் அதன் பெயரில் ஜி என்ற எழுத்து இல்லை. அதாவது திரையில் காட்சியை உருவாக்கும் கிராஃபிக்ஸ் பகுதி அதற்குள் இல்லை. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத அலுவலகக் கணினியில் அதைப் பொருத்தினால் விசிறி சுழலும், விளக்கு எரியும், திரை மட்டும் இருண்டே கிடக்கும். 2200ஜியை எடுத்துவிட்டு வேறொன்றை வைப்பவர், அதுவரை திரைக்குக் காட்சி கொடுத்து வந்ததும் அந்த 2200ஜியே என்பதை மறந்துவிடக் கூடாது. 5600ஜியோ, அது கிடைக்காவிட்டால் 2024 ஜனவரியில் வந்த அதன் உடன்பிறப்பான 5600ஜிடியோதான் இங்கே பொருத்தமானவை.

தாய்ப்பலகையின் ஒப்புதல் அடுத்துப் பார்க்க வேண்டியது. கணினி உயிர்பெறும்போது முதலில் இயங்கி, எந்தப் புராசஸர் அமர்ந்திருக்கிறது என்பதை அடையாளம் காணும் சிறு நிரலே பயாஸ். மலிவான அலுவலகக் கணினிகளில் மிகுதியாகக் காணப்படும் ஏ320 வகைப் பலகைகளுக்கு 5000 வரிசைப் புராசஸர்களை ஏற்கும் பயாஸை ஏஎம்டி தொடக்கத்தில் அனுமதிக்கவில்லை. 2022இல்தான் அந்தத் தடை நீங்கியது. ஆகவே பழைய புராசஸர் இருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்துவிட வேண்டும். புதியதை வைத்த பிறகு புதுப்பிக்கலாம் என்று எண்ணினால், அதை அடையாளம் காணாத பலகை இயங்கவே மறுக்கும். பலகையின் மேல் அச்சிட்டிருக்கும் மாதிரி எண்ணைக் குறித்துக்கொண்டு, அதைத் தயாரித்த நிறுவனத்தின் இணையதளத்தில் உள்ள புராசஸர் பட்டியலில் 5600ஜி இருக்கிறதா, எந்தப் பயாஸ் பதிப்பிலிருந்து இருக்கிறது என்று பார்த்த பின்பே பணத்தை எடுக்க வேண்டும். புதுப்பிக்கும் சில நிமிடங்களில் மின்சாரம் நின்றால் பலகையே பயனற்றுப் போகக்கூடும். மாதந்தோறும் பராமரிப்புக்காக மின்தடை அறிவிக்கப்படும் ஊர்களில், நல்ல பேட்டரி உள்ள யு.பி.எஸ். இல்லாமல் இவ்வேலையைத் தொடங்குவது தவறு.

கைவேலையில் பெரும்பாலும் சேதம் நேர்வது பழையதைக் கழற்றும்போதுதான். ஏஎம்4 புராசஸரின் அடியில் 1331 மெல்லிய ஊசிகள் உள்ளன. புராசஸருக்கும் அதன்மேல் அமரும் வெப்பநீக்கிக்கும் இடையே தடவப்பட்ட வெப்பப்பசை ஆண்டுக்கணக்கில் இறுகிப் போயிருப்பதால், வெப்பநீக்கியை நேராக மேலே இழுத்தால் புராசஸரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்து ஊசிகள் வளைந்துவிடும். கணினியைப் பத்து நிமிடம் இயக்கிப் பசையை இளகச் செய்து, பின்பு அணைத்து, மின்கம்பியை உருவி, திருகாணிகளை நீக்கிய பிறகு வெப்பநீக்கியை மெல்ல இடமும் வலமுமாகத் திருகி எடுப்பதே பாதுகாப்பான முறை. சாக்கெட்டின் ஓரத்தில் உள்ள நெம்புகோலை உயர்த்தினால் புராசஸர் தானே விடுபடும். புதியதன் மூலையில் உள்ள முக்கோணக் குறியைச் சாக்கெட்டின் முக்கோணக் குறியோடு பொருத்தி வைத்தால் அது தன் எடையிலேயே இறங்கிவிடும், எவ்விதத்திலும் அழுத்தக் கூடாது. பெட்டியோடு விற்கப்படும் 5600ஜியுடன் ரெய்த் ஸ்டெல்த் என்னும் வெப்பநீக்கியும் வரும். பெட்டியின்றி ட்ரே என்ற பெயரில் சற்று மலிவாக விற்கப்படுபவற்றோடு அது வராது. மூன்றாண்டு உத்தரவாதமும் பெட்டியில் வருபவற்றுக்கே உரியது. அந்தச் சிறு விலை வேறுபாட்டுக்காக உத்தரவாதத்தை இழப்பது அறிவுடைமை ஆகாது.

இவ்வளவும் செய்த பின்பும் கணினி மந்தமாகவே இருக்குமானால், குற்றம் பெரும்பாலும் வட்டில் இருக்கும். சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் இயங்கும் கணினிக்கு எந்தப் புராசஸரும் விடுதலை தராது; நொடிக்கு நூற்றைம்பது எம்பி அளவில் தேங்கும் அந்த வட்டின் இடத்தில், நொடிக்கு ஐந்நூறு எம்பியைத் தாண்டும் சாட்டா எஸ்.எஸ்.டி.யை வைப்பதே முதல் செலவாக இருக்க வேண்டும். சிறு கோப்புகளைத் தேடியெடுப்பதில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு இந்த எண்களைவிட மிகப் பெரியது. இரண்டாவது செலவு ராம். புராசஸருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸ் பகுதிக்குத் தனி நினைவகம் கிடையாது. அது ராமிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஒரே ஒரு ராம் பட்டை மட்டும் செருகப்பட்ட கணினியில் தரவு செல்லும் இரு தடங்களுள் ஒன்று வெறுமையாகக் கிடக்கும். டிடிஆர்4 3200 வகையில் ஒரு தடம் நொடிக்கு 25.6 ஜிபி தரும்; இரு பட்டைகள் இருந்தால் அது இரட்டிப்பாகும். 2200ஜியில் எட்டு கிராஃபிக்ஸ் அலகுகள் 1,100 மெகாஹெர்ட்ஸில் இயங்க, 5600ஜியில் ஏழே அலகுகள் 1,900 மெகாஹெர்ட்ஸில் இயங்குகின்றன. அந்த வேகத்துக்குத் தீனி போட இரண்டு பட்டைகள் இன்றியமையாதவை.

புராசஸரை மாற்றுவதற்கு வேகத்துக்கு அப்பாற்பட்ட ஒரு காரணமும் இப்போது சேர்ந்துள்ளது. விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. விண்டோஸ் 11ஐ ஏற்பதாக மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட பட்டியலில் 2200ஜி இல்லை, 5600ஜி இருக்கிறது. வங்கிக் கணக்கும் ஜிஎஸ்டி கடவுச்சொல்லும் புழங்கும் கணினியில் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோவது, வேகம் குறைவதைவிடக் கவலைக்குரிய செய்தி. வட்டைக் குறியாக்கம் செய்து பூட்டும் பிட்லாக்கர் வசதி இயங்கும் கணினியாக இருந்தால், அதன் மீட்புச் சாவியை முன்னதாகவே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். பூட்டுக்கான தகவல் புராசஸரோடு பிணைந்திருப்பதால், புதிய புராசஸர் வந்ததும் கணினி அந்தச் சாவியைக் கேட்கும்.

வெயிலைப் பற்றியும் ஒரு சொல். இரண்டு புராசஸர்களும் 65 வாட் வகையைச் சேர்ந்தவை என்பதால் மின்கட்டணம் பெரிதாகக் கூடாது, எஸ்.எம்.பி.எஸ். என்னும் மின்வழங்கியை மாற்றவும் தேவையில்லை. ஆனால் கோடையில் அறையின் வெப்பமே நாற்பது பாகையை நெருங்கும் வட்டாரத்தில், காகிதத் தூசி படிந்த விசிறியோடு ஆறு கோர்கள் முழுமையாக உழைத்தால், 95 பாகை என்னும் எல்லையை ஒட்டியதும் புராசஸர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பெட்டியைத் திறந்த அன்றே தூசியை ஊதித் துடைத்துவிட்டு, பின்புறம் ஒரு விசிறியும் சேர்ப்பது நலம்.

இன்டெல் புராசஸர் கொண்ட பழைய கணினி வைத்திருப்போருக்கு இந்த வழி பெரும்பாலும் அடைபட்டது. எச்61 வகைப் பலகையில் 2012ஆம் ஆண்டின் ஐ7 3770க்கு மேல் செல்ல இடமில்லை, அதுவும் பழைய பொருளாகவே கிடைக்கும், விண்டோஸ் 11 பட்டியலிலும் இல்லை. அத்தகையோர் எஸ்.எஸ்.டி.யோடு நிறுத்திக்கொண்டு மீதிப் பணத்தைப் புதிய கணினிக்குச் சேமிப்பதே தகும். ஏஎம்4 பலகையும் எஸ்.எஸ்.டி.யும் இரண்டு ராம் பட்டைகளும் உடையோருக்கு 5600ஜி தயக்கமின்றிப் பரிந்துரைக்கத்தக்கது. லேபிள் வரைவும் வீடியோ வேலையும் இல்லாமல் டேலியும் இ-வே பில்லும் மட்டுமே நடக்கும் அலுவலகத்துக்கு, விண்டோஸ் 11 என்ற ஒரு காரணத்தைத் தவிர வேறு அவசரம் இல்லை.

மாற்றத்துக்கு உகந்த காலம், தீபாவளி விற்பனை முடிந்து ஆலைகள் சில வாரங்கள் மூடியிருக்கும் பொழுது. எப்பொழுது செய்தாலும், திருகாணியில் கை வைப்பதற்கு முன் டேலி கணக்குகளையும் லேபிள் கோப்புகளையும் வேறொரு வட்டில் படியெடுத்து, அந்தப் படி திறக்கிறதா என்று இன்னொரு கணினியில் சரிபார்த்து, வேறொரு கட்டடத்தில் வைத்துவிடுமாறு வாசகர்கள் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.