லவ்காடியோ ஹேர்னும் யப்பானும்: ஒரு மதிப்பீடு

பிறநாட்டில் தங்கி, அந்நாட்டு மக்களின் வாழ்வையும் வழக்காறுகளையும் வேற்றுமொழி வாசகருக்கு எழுதிப் பிழைக்கும் பத்திரிகையாளனை எவ்வாறு மதிப்பிடுவது? லவ்காடியோ ஹேர்ன் (1850–1904) விடயத்தில் இவ்வினாவுக்கு இரண்டு ஆயத்த விடைகள் உள. யப்பானியப் பெண்ணை மணந்து, 1896இல் கொய்சுமி யக்குமோ என்னும் பெயருடன் அந்நாட்டுப் பிரசையானவராதலின், அவரது எழுத்து உள்ளிருந்தே பிறந்தது என்பர் ஒரு சாரார். எட்வேர்ட் சயித்தின் நூல் 1978இல் வெளிவந்த பின்னரோ, கீழைத்தேயத்தைப் பண்டமாக்கி விற்றவர் என அவரை ஒதுக்குதல் மற்றொரு சாராருக்கு எளிதாயிற்று. அவ்வெழுத்து எவ்வாறு உருவாயிற்று என்பதை இரு சாராருமே கேட்பதில்லை.

கிரேக்கத் தீவொன்றிற் பிறந்து, டப்ளினில் வளர்ந்து, 1869இல் ஐக்கிய அமெரிக்காவை அடைந்தவர் ஹேர்ன். சின்சினாற்றியில் குற்றச் செய்திகள் எழுதிய நிருபராயிருந்தபோது, அடிமையாகப் பிறந்த கலப்பினப் பெண்ணொருத்தியை 1874இல் மணந்தார். ஒகையோ மாநிலச் சட்டம் அத்தகைய மணத்தைத் தடைசெய்திருந்தது. அவரது வேலை பறிபோயிற்று. ‘வெள்ளையரின் பார்வை’ என்னும் ஒரே சொல்லில் இவரை அடக்கிவிட முனைவோர் இதனை மறத்தலாகாது. பின்னர் நியூ ஓர்லியன்சிலும் மார்ட்டினிக் தீவிலும் வாழ்ந்து எழுதினார். 1890இல் ஹார்ப்பர்ஸ் நிறுவனத்தின் பொருட்டு யப்பானுக்குச் சென்றவர், உடன்சென்ற ஓவியருக்குத் தம்மிலும் கூடிய ஊதியம் என அறிந்து உடன்பாட்டை முறித்துக்கொண்டார். மட்சுவே நகரில் கிடைத்த ஆசிரியத் தொழிலே அவரைக் காத்தது.

1894இல் வெளிவந்த முதல் யப்பானிய நூலில் சஞ்சிகைப் பழக்கம் முற்றாக நீங்கவில்லை. கோயில், கல்லறை, விளக்கு, ஆவி ஆகியன நிரம்பி வழிகின்றன. மெய்ஜி அரசு எழுப்பிய ஆலைகளும் கட்டாயப் படைச்சேவையும் மங்கலாகவே தெரிகின்றன. மாறாதிருக்கும் யப்பானையே அவர் விரும்பினார் என்ற குற்றச்சாட்டு இந்நூலளவில் நியாயமானதே.

ஆயின் ‘கொக்கொரோ’ (1896) என்னும் நூலின் முதற் சித்திரம் வேறு வகையானது. பொலிசுக்காரர் ஒருவரைக் கொன்றவன் ஆண்டுகள் பல கழித்துப் பிடிபட்டுப் புகைவண்டி நிலையத்துக்குக் கொண்டுவரப்படுகின்றான். கொல்லப்பட்டவரின் விதவை, தந்தை முகம் காணாத மைந்தனை முதுகிற் சுமந்து நிற்கின்றாள். குழந்தை கொலையாளியை உற்று நோக்கி அழுகின்றது, அவன் மண்ணில் வீழ்ந்து மன்னிப்பு இரக்கின்றான், கூட்டமும் விம்முகின்றது. இறுதியில் ஆசிரியர் சற்று விளக்கம் கூறவே செய்கின்றார். அவ்விளக்கம் இல்லாதிருப்பினும் இச்சித்திரம் குறைவுபடாது. இங்கே விநோதப் பொருள் எதுவும் இல்லை; புகைவண்டியும் பொலிசும் புதிய யப்பானுக்கே உரியன.

எனினும் ‘குவைடான்’ (1904) நூலை நோக்குமிடத்து வேறொரு வினா எழுகின்றது. யப்பானிய நூல்களைத் தாமே வாசித்துச் சுவைக்கும் அளவுக்கு ஹேர்னின் மொழியறிவு வளரவில்லை. மனைவி செட்சுவே பழைய கதைகளைத் தேடிப் படித்து, இருவருக்கும் மட்டுமே விளங்கிய எளிய யப்பானிய மொழியில் அவருக்குக் கூறினார். நூலைப் பார்த்து வாசியாது தன் சொல்லிலேயே கூறவேண்டுமென ஹேர்ன் வற்புறுத்தியமையைச் செட்சுவின் நினைவுக் குறிப்புகள் காட்டுகின்றன. குறித்த சொல் எக்குரலில் ஒலித்திருக்கும் என மீண்டும் மீண்டும் கேட்பாராம். காதற்ற ஹோய்ச்சியின் கதையை எழுதிய நாளொன்றில், இருண்ட பின்னும் விளக்கேற்றாதிருந்த அவரைச் செட்சு அடுத்த அறையிலிருந்து ‘ஹோய்ச்சி’ என அழைக்க, அவரும் குருட்டுப் பாடகனாகவே விடைபகர்ந்தாராம்.

இது தகவல் திரட்டுதலன்று. இருவர் சேர்ந்து செய்த ஆக்கம். கேட்டலையே கலையாக்கிய ஹேர்னின் உழைப்பை எவரும் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஆயினும் அந்நூலின் முன்னுரையில் பழைய யப்பானிய நூல்களுக்கு இடமுண்டு. ‘யுக்கி ஒன்னா’ கதையைக் கூறிய முசாஷி மாகாணத்து உழவனுக்கும் இடமுண்டு. செட்சுவின் பெயர் அங்கு இல்லை.